ஆங்கில டிப்தாங்: வகுப்பிலும் வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பிள்ளைகள், பெற்றோர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே சந்தேகத்தை வேறு வேறு வாயால் கேட்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட விடுவதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்து, ஒருவழியாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே, நடுவில் சிறு கோடு போட்டு எழுதியிருக்கிறேன். ‘ஏ-ஐ’ என்றால் ‘ரெயின்’ என்ற சொல்லின் நடுவில் வருமே, அந்த இரண்டு எழுத்து.

“மிஸ், டிப்தாங்னா ரெண்டு வவல் எழுத்து சேர்ந்து வர்றதுதானே?”

இல்லை. இந்த எண்ணத்தை முதலில் கழற்றி வைத்தால்தான் மற்றது ஏறும். டிப்தாங் காதுக்கு உரியது, கண்ணுக்கு அல்ல. வாய் ஓர் உயிரொலியில் கிளம்பி, நடுவில் நிற்காமல் இன்னோர் உயிரொலியை நோக்கி வழுக்கிப் போனால் அது டிப்தாங். ‘டைம்’ என்ற சொல்லின் நடுவில் ஓர் உயிரெழுத்துதான், ஆங்கில ஐ. ஆனால் ஒலி டிப்தாங். ‘பிரெட்’ என்ற சொல்லில் ஈ-ஏ என்று இரண்டு எழுத்து. ஒலியோ வெறும் எ.

முகவாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ‘ஆ’ என்று இழுக்கச் சொல்லுங்கள். கை அசையாது. அப்புறம் ‘ஐ’ என்று இழுக்கட்டும். இறங்கிய தாடை மெல்ல மேலே ஏறும், உதடு பக்கவாட்டில் விரியும். அந்த அசைவுதான் டிப்தாங். ‘அகர இகரம் ஐகாரம் ஆகும்’ என்று தொல்காப்பியம் சொல்வதும் இந்தக் கூட்டைத்தான். எட்டாம் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு பையன், “அப்போ தமிழ் ஐயா பாடமும் இதுதானா மிஸ்?” என்றான். இதுதான்.

“மொத்தம் எத்தனை? புத்தகத்துல 8னு இருக்கு, யூட்யூப்ல 5ங்கறாங்க. எது சரி?”

இரண்டும் சரி, ஊர்தான் வேறு. பிரிட்டிஷ் உச்சரிப்பைப் பழைய முறைப்படி எண்ணினால் 8 வரும்: ‘லேட்’, ‘டைம்’, ‘பாய்’, ‘கவ்’, ‘கோ’, ‘நியர்’, ‘சேர்’, ‘டூர்’ ஆகிய சொற்களில் இருப்பவை. கடைசி மூன்றிலும் அங்கே ஆர் எழுத்தைச் சொல்வதில்லை. அது இருந்த இடத்தில் மங்கலான ஓர் உயிரொலி வந்து ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்கர்கள் ஆரை அழுத்திச் சொல்வார்கள், அதனால் அந்த மூன்றையும் உயிர் கூட்டல் ஆர் என்று கணக்கு வைத்து 5-இல் நிறுத்துகிறார்கள்.

நம் பிள்ளைகளும் ஆரைச் சொல்லும் பிள்ளைகள்தான். அதனால் நான் முதல் ஐந்தில் நேரத்தைச் செலவழிக்கிறேன். மற்ற மூன்றில் எனக்கு எழுத்துப் பிழைதான் கவலை.

“தமிழ்ல ஐ, ஔ ரெண்டுதானே இருக்கு. மத்ததெல்லாம் எங்க பசங்க வாய்ல எப்படி வரும்?”

ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசி பெஞ்சில் ஒருவன் இன்னொருவனை ‘டேய்’ என்று கூப்பிடுகிறானே, அதுதான் ‘நாள்’ என்பதற்கான ஆங்கிலச் சொல். ‘பேய்’ என்றால் ‘பணம் கொடு’. ‘ஏய்’ என்று அதட்டினால் ஆங்கில முதல் எழுத்தின் பெயர். இதைச் சொன்ன அன்று வகுப்பு பத்து நிமிடம் அடங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஒலியை யாரும் மறக்கவும் இல்லை.

‘மை’ என்றால் ‘என்னுடைய’, ‘டை’ கழுத்தில் கட்டுவது. ‘பொய்’, ‘கொய்’ என்று சொல்லும் வாய்க்கு ‘பாய்’, ‘டாய்’, ‘காயின்’ எல்லாம் வரும். ‘அவ்வை’ என்பதில் உள்ள ‘அவ்’வைப் பிடித்தால் ‘கவ்’, ‘நவ்’, ‘டவ்ன்’ வந்துவிடும். கொஞ்சம் மெனக்கெட வேண்டியது ‘நோ’, ‘கோ’ என்பதன் வழுக்கலுக்கு மட்டும். அதற்கு ‘நோவு’ என்ற சொல்லைத் தொடங்கி, வு முழுதாக வருமுன் நிறுத்தச் சொல்வேன். டிசம்பர் காலையில் எங்கள் ஊரில் பேசினாலே வாயிலிருந்து புகை வரும். ‘நோ’ என்று சொல்லும்போது அகலமாகக் கிளம்பும் புகை, உதடு குவியக் குவிய ஒல்லியாகிறது. அந்த மாதத்தில் கண்ணாடி தேவையில்லை, எதிரில் இருப்பவன் வாயைப் பார்த்தால் போதும்.

சிக்கல் சொல்லின் கடைசியில் இல்லை, நடுவில் இருக்கிறது. ‘டேய்’ வரும், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு மெய் வந்து ஒட்டினால் ‘டேட்’ என்று வழுக்கல் காணாமல் போய்விடும். ‘டேய்’ என்று சொல்லி முடித்துவிட்டு ‘ட்’டை ஒட்டுங்கள் என்பேன். நாலு முறை சொன்னால் பழகிவிடும்.

“அப்போ ‘லேட்’னு சொல்றது தப்பா? ‘லெய்ட்’னுதான் சொல்லணுமா?”

தப்பில்லை. இதற்காக யாரையும் நிற்க வைக்காதீர்கள். இந்தியாவில் பெரும்பாலோர் ஏ, ஓ இரண்டையும் நேராக நீட்டித்தான் சொல்கிறோம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும்கூட அப்படிச் சொல்பவர்கள் ஏராளம். லண்டன் பேச்சிலேயே இந்த இரண்டும் வழுக்க ஆரம்பித்தது 1800-ஐ ஒட்டித்தான். வழுக்கலைக் கேட்டால் அடையாளம் தெரிய வேண்டும், விரும்பினால் சொல்ல வர வேண்டும். அவ்வளவே என் அளவுகோல்.

ஆனால் நீளத்தில் கை வைக்கக் கூடாது. ‘பெப்பர்’ கூடலூர்த் தோட்டத்தில் காய்க்கும் மிளகு, ‘பேப்பர்’ காலையில் வருவது. ‘பென்’னை நீட்டினால் ‘பெயின்’, வலி. ‘டெஸ்ட்’டை நீட்டினால் ‘டேஸ்ட்’. ‘காட்’ என்றால் கட்டில், ‘கோட்’ என்றால் குளிருக்குப் போடுவது. குறில் நெடில் வித்தியாசம் நமக்கு அரிச்சுவடியிலேயே வந்துவிட்ட சரக்கு. அதை ஆங்கிலத்திலும் காட்டினால் கேட்பவருக்குப் புரிந்துவிடும், வழுக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

“‘ஓல்டு’ன்னு சொல்லுடான்னா ‘வோல்டு’ங்கறான். ‘ஏஜ்’ஜை ‘யேஜ்’ங்கறான். இது என்ன நோய்?”

நோய் இல்லை, பேச்சுத் தமிழ். ‘ஒன்று’ என்று எழுதிவிட்டு ‘வொண்ணு’ என்கிறோம், ‘எலி’ வாயில் ‘யெலி’ ஆகிறது. அதே பழக்கம் ‘ஓப்பன்’, ‘ஒன்லி’, ‘ஓன்’, ‘எய்ட்’ என்று எல்லாவற்றிலும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலம் உயிரொலியின் வாலில் வழுக்குகிறது, நாம் தலையில் வழுக்குகிறோம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மேலே வால் வழுக்கலை மன்னித்தேன். இந்தத் தலை வழுக்கலை அவ்வளவு எளிதாக விட மாட்டேன். ‘ஏல்’ என்று தொடங்க வேண்டிய சொல் ‘யேல்’ என்று வந்தால் கேட்பவருக்கு அது வேறு சொல். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, உதட்டைக் குவிக்காமல் தொடங்கச் சொல்லுங்கள். முன்னால் ஒரு ‘தி’ ஒட்டி, ‘தி-ஓல்டு’ என்று மெதுவாகச் சொல்ல வைக்க முயலாதீர்கள். நான் முயன்றேன், ‘தி-வோல்டு’ என்றுதான் வந்தது.

“ஏ-ஐ எப்போ போடணும், ஏ-வொய் எப்போ போடணும்? ரெண்டும் ஒரே சத்தம்தானே?”

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பதில் எங்கள் மலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ‘டாய் டிரெயின்’ என்று டிக்டேஷன் கொடுத்தேன். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நம்ம ஊர் ரயில், தெரியாத பிள்ளையே இல்லை. ஒருத்தி ‘டாய்’க்கு ஓ-ஐ போட்டு, ‘டிரெயின்’ நடுவில் ஏ-வொய் போட்டிருந்தாள். ஒலியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு ஜோடியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான்.

அவளையே போர்டுக்குக் கூப்பிட்டேன். இரண்டு பத்தி வரையச் சொன்னேன்: ‘நடுவில்’, ‘கடைசியில்’. வகுப்பு சொல்லச் சொல்ல எழுதினாள். நடுவில்: ரெயின், டெயில், வெயிட் (காத்திரு), பெயின்ட், காயின், ஆயில், பாயின்ட். கடைசியில்: டே, ப்ளே, வே, பாய், ஜாய், என்ஜாய். எழுதி முடித்துவிட்டு, சாக்பீஸ் கையோடு திரும்பி, “கடைசில வந்தா எல்லாம் வொய் மிஸ்” என்றாள். நான் விதியைச் சொல்லவே இல்லை. காரணம் இது: ஆங்கிலச் சொற்கள் ஆங்கில ஐ எழுத்தில் முடிய விரும்புவதில்லை, கடைசி இடத்தை வொய்க்கு விட்டுவிடும். ‘டாக்சி’, ‘ஸ்கீ’ மாதிரி வெளியிலிருந்து வந்தவை விலக்கு.

வொய் நடுவில் வரும் சில இடங்களும் உண்டு. ‘டேலைட்’, ‘ப்ளேகிரவுண்ட்’ என்று இரண்டு சொல் ஒட்டியவற்றில் முதல் சொல் தன் வாலை மாற்றிக்கொள்ளாது. ‘ப்ளேட்’, அதாவது ‘விளையாடினான்’, அதுவும் அப்படியே. ஆனால் ‘பெய்டு’ என்று எழுதும்போது ஏ-ஐ. ‘ராயல்’, ‘லாயல்’, ‘வாயேஜ்’ ஆகியவற்றில் அடுத்தாற்போல் இன்னோர் உயிர் வருவதால் வொய் நிற்கிறது.

“அப்போ ஓ-யூ, ஓ-டபிள்யூவுக்கும் இதே நடு-கடைசி விதிதானா?”

பாதி. ஆங்கிலச் சொற்கள் யூவிலும் முடிய விரும்பாது, அதனால் கடைசியில் ஓ-டபிள்யூ: கவ், நவ், ஹவ். நடுவில் பெரும்பாலும் ஓ-யூ: ஹவுஸ், கிளவுட், மவுத், சவுண்ட். ஆனால் என், எல் எழுத்தில் முடியும்போது டபிள்யூ நடுவிலும் புகுந்துவிடும்: டவ்ன், பிரவுன், அவ்ல். ‘ஃப்ளவர்’, ‘டவர்’, ‘டவல்’, ஏன், ‘வவல்’ என்ற சொல்லிலேயே டபிள்யூதான். ‘நவுன்’ மட்டும் தினமும் வகுப்பில் வந்து இந்த விதியைக் கேலி செய்யும். அதில் ஓ-யூ.

இன்னொரு தொல்லை, ஓ-டபிள்யூவுக்கு இரண்டு ஒலி. ‘கவ்’ ஒரு மாதிரி, ‘ஸ்னோ’ ஒரு மாதிரி. (ஜனவரியில் ஊட்டியில் புல்வெளி வெளுத்திருப்பதைப் பார்த்து டூரிஸ்டுகள் ‘ஸ்னோ’ என்பார்கள். அது உறைபனி, ‘ஃப்ராஸ்ட்’. அதில் டிப்தாங்கும் கிடையாது.) ஓரசைச் சொல்லைப் பார்த்து எந்த ஒலி என்று சொல்ல வழியில்லை, பழகத்தான் வேண்டும். நீண்ட சொல்லின் கடைசியில் அழுத்தமில்லாமல் வந்தால் ‘ஓ’ என்று தைரியமாகச் சொல்லலாம்: விண்டோ, எல்லோ, பில்லோ, டுமாரோ. ‘அலவ்’ என்பதில் அழுத்தம் கடைசியில் விழுகிறது, அதனால் அது ‘கவ்’ கட்சி.

“கடைசியில ஈ-ன்னு ஒரு எழுத்து சும்மா நிக்குதே, அதை எதுக்குப் போடறாங்க?”

சும்மா நிற்கவில்லை. முன்னால் இருக்கும் உயிரெழுத்தைத் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வைக்கிறது. ‘ஹோப்’ என்ற சொல்லில் ஈயை எடுத்துவிட்டால் ‘ஹாப்’, நொண்டியடிப்பது. ‘கைட்’டில் எடுத்தால் ‘கிட்’.

ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளை வைத்தே இதை நடத்துகிறேன். குன்னூருக்குக் கீழே ஹில்குரோவ்: கடைசி ஈயால் ஓ நீள்கிறது. ஊட்டிக்கு முந்தைய நிலையம் லவ்டேல்: ‘டேல்’ கடைசியில் உள்ள ஈ ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் அதே பலகையில் ‘லவ்’வின் கடைசியில் இன்னோர் ஈ இருக்கிறதே, அங்கே ஏன் ‘லோவ்’ ஆகவில்லை? ஆங்கிலச் சொல் வி எழுத்தில் முடிவது அபூர்வம். எனவே ‘லவ்’, ‘கிவ்’, ‘ஹேவ்’ எல்லாவற்றுக்கும் பின்னால் வெறும் காவலுக்கு ஓர் ஈ. ஒரே பலகையில் உழைக்கிற ஈயும் உட்கார்ந்திருக்கிற ஈயும்.

“‘ஓ’ சத்தத்துக்கு மட்டும் எத்தனை ஸ்பெல்லிங்தான் படிக்கிறது?”

நான்கு போதும். நடுவில் ஓ-ஏ (போட், கோட், ரோட்), ஈயோடு பிரிந்து வரும் ஓ (ஹோம், ஸ்டோன், நோஸ்), கடைசியில் ஓ-டபிள்யூ (ஸ்னோ, க்ரோ), அப்புறம் தனி ஓ (கோ, நோ, ஓல்டு, கோல்டு). ஓ-ஏயா ஈயா என்பது நினைவில் ஏறுவதுதான். ‘போட் ஹவுஸ்’, ‘டால்பின்ஸ் நோஸ்’ என்று ஊர் இடங்களை அடையாளமாக வைத்துக்கொண்டால் சீக்கிரம் ஏறும்.

“எழுதறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு. தமிழ் மாதிரி நேரா இருந்தா என்ன?”

தமிழும் அவ்வளவு நேர் இல்லை. ‘மலை’ என்று எழுதிவிட்டு ‘மல’ என்கிறோம். ‘கடலை’ தெருவில் ‘கடல’. ஐகாரக் குறுக்கம் என்று இலக்கணம் சொல்கிறதே, சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ஐ ஒரு மாத்திரையாகச் சுருங்கும் என்று, அந்தப் பாதையில் பேச்சு இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்டது.

ஆங்கிலத்தில் நடந்தது பெரிய அளவு. சுமார் 1400-இலிருந்து 1700 வரை அதன் நெடில்கள் எல்லாம் வாய்க்குள் இடம் பெயர்ந்தன. அதற்கு முன் ‘டைம்’ ஏறக்குறைய ‘டீம’, ‘நேம்’ ஏறக்குறைய ‘நாம’, ‘ஹவுஸ்’ வெறும் ‘ஹூஸ்’. கடைசி ஈயையும் அப்போது லேசாகச் சொன்னார்கள். இந்த நகர்வுக்கு நடுவில், 1476-இல், வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைய ஆரம்பித்தது, ஒலி நகர்ந்துகொண்டே போனது. ஜான் சல்லிவன் 1822-இல் ஊட்டியில் கட்டத் தொடங்கிய ‘ஸ்டோன் ஹவுஸ்’ இன்னும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அந்தப் பெயரின் இரண்டு சொற்களும் இப்படி வாய் மாறியவைதான். நம் ஆட்கள் அதைக் ‘கல் பங்களா’ என்று சொல்லி வேலையை முடித்துக்கொண்டார்கள்.

“வீட்ல படுகு பேசறோம், கூடலூர்ல மலையாளம் பேசறாங்க. அதனால உச்சரிப்பு கெடுமா?”

கெடாது. வீட்டில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று மூன்று மொழி பேசும் பிள்ளைக்குக் காது கூர்மையாகத்தான் இருக்கும். நம் ‘மலை’ மலையாளத்தில் ‘மல’, கன்னடத்தில் ‘மலெ’. ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் பிள்ளைகளிடம் இப்படி ஒரு சொல்லைக் கொடுத்து, “உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டால், உயிரொலி இடம் மாறுவது என்றால் என்ன என்று நான் விளக்கவே வேண்டியதில்லை.

“‘செய்ட்’னு எழுதியிருக்கு, ‘செட்’னு படிக்கச் சொல்றீங்க. ஏ-ஐ வந்தா ஏய்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னேன். ‘சொன்னான்’ என்பதற்கான இந்தச் சொல்லும் ‘சொல்கிறான்’ என்பதற்கான ‘செஸ்’ஸும் அடிக்கடி புழங்கித் தேய்ந்தவை, குறுகி எ ஆகிவிட்டன. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் நானே ‘சேய்ஸ்’ என்றுதான் நடத்தினேன். ஒரு நாள் பழைய மாணவி ஒருத்தி, கோயம்புத்தூரில் கால் சென்டரில் வேலை செய்பவள், போனில் சங்கடத்தோடு திருத்தினாள். அந்த ஆறு வருஷப் பிள்ளைகள் இன்னும் எங்கெங்கே ‘சேய்ஸ்’ சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ.

இதற்கு நேர்மாறாக, ஈ-ஏ வழக்கமாக ‘ஈ’ அல்லது ‘எ’ என்று ஒலிக்கும். ‘கிரேட்’, ‘பிரேக்’, ‘ஸ்டேக்’ மூன்றில் மட்டும் ஏய். சின்னப் பட்டியல், எழுதி ஒட்டிவிடலாம்.

“கரடியும் ஈ-ஏ-ஆர், காதும் ஈ-ஏ-ஆர். எப்படி வேற வேற சத்தம்?”

‘நியர்’, ‘ஹியர்’, ‘டியர்’, ‘இயர்’ ஒரு கூட்டம், இதுதான் பெரியது. ‘பேர்’ (கரடி), ‘பேர்’ (பேரிக்காய்), ‘வேர்’ (உடுத்து) சின்னக் கூட்டம். ‘கரடி பேரிக்காயை உடுத்தியது’ என்று ஒரு பிள்ளை வாக்கியம் செய்தாள். கரடி தேயிலைத் தோட்டத்துக்குள் வந்துபோகும் ஊர், அதனால் எல்லாருக்கும் அது நன்றாக நினைவில் நின்றுவிட்டது. கண்ணீர் என்றால் ‘டியர்’, கிழி என்றால் ‘டேர்’. எழுத்து ஒன்றுதான், வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘ஹார்ட்’, ‘லேர்ன்’ இரண்டும் இந்த இரு கூட்டத்திலும் சேராதவை.

“ஒரு பீரியட்ல எதை முதல்ல எடுக்கறது?” (புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்)

8-ஐயும் ஒரே நாளில் போர்டில் எழுதாதீர்கள். நான் எழுத்துப் பெயர்களிலிருந்து தொடங்குவேன். 26 எழுத்தில் ஏழின் பெயரிலேயே டிப்தாங் இருக்கிறது: ஏ, எச், ஜே, கே நான்கும் ஒரு ஒலி, ஐ, வொய் ஒன்று, ஓ தனி. பிள்ளைகளே பிரித்துக் கண்டுபிடிப்பார்கள். மறுநாள் முகவாயில் கை, அதற்கடுத்த வாரம் இரண்டு பத்திப் போர்டு. வாரம் பத்துச் சொல் டிக்டேஷன் போதும், அதில் மூன்று போன வாரத்துச் சொல்லாக இருக்கட்டும்.

“பரிட்சைக்கு இதெல்லாம் வேணுமா மிஸ்?”

விடைத்தாளுக்குக் காது கிடையாது. ஸ்பெல்லிங்கைப் பார்க்கக் கண் உண்டு.

“கடைசியா ஒண்ணு. ‘டிப்தாங்’ சரியா, ‘டிஃப்தாங்’ சரியா?”

அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. ‘இரண்டு ஒலி’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எழுதும்போது பிக்குப் பிறகு ஓர் எச், டிக்குப் பிறகு இன்னோர் எச். முதல் எச்சை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், போர்டில் நானே விட்டிருக்கிறேன். முகவாயில் கை வைத்து இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். இதில் ஒரு டிப்தாங்கும் இல்லை.